ரங்கூனில் ஏழு நாள்: பெயர் போட முடியாத ஒரு பயணச் சேவையைப் பற்றி

ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறவர் அதன் பெயரையும் முகவரியையும் முதலில் கொடுத்துவிடுவதுதான் முறை. இந்தக் கட்டுரையில் அவை இரண்டும் இல்லை. ரங்கூனில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்தும் சிறிய பயண ஏற்பாட்டுச் சேவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கொண்டுவரும் பணத்தில் எவ்வளவு, 2021இல் பர்மாவின் (இன்றைய மியான்மரின்) ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் கைக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் பார்த்து, முடிந்த வரைக்கும் அதைக் குறைத்துத் தருகிறவர்கள் என்று பெயரோடு புகழ்ந்து எழுதினால், அந்தப் புகழ்ச்சியே அவர்கள் வாசலில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எனக்குச் சில குறைகளும் உண்டு. அவற்றையும் பெயரில்லாமலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா பர்மாவில் தட்டோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1965இல், ஒன்பது வயதில், கப்பலேறிச் சென்னைக்கு வந்து, வியாசர்பாடியில் வளர்ந்தவர். அப்போதே கல்யாணமாகியிருந்த பெரியம்மா மட்டும் புகுந்த வீட்டாரோடு அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. அதற்கு முந்திய தீபாவளியன்று தொலைபேசியில், "பாப்பா, என் கண்ணு மூடறதுக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போ" என்று அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ஊர் பார்க்கும் ஆசை எங்கள் இருவருக்குமே இருக்கவில்லை.

ஆனாலும் புறப்படுவதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வழிமறித்துக் கேட்டுவிட்டார். அவரும் பர்மாக்காரர். 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், கடைகளையும் ஆலைகளையும் நாட்டுடைமை ஆக்கி, 1964 மே மாதத்தில் 50 சாட், 100 சாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தபோது, அவருடைய அப்பா பெட்டி நிறைய வைத்திருந்தது வெறும் காகிதமாகிப் போனது. (கியாட் என்று எழுதுகிறார்கள், பர்மாக்காரர் வாயில் அது சாட்தான்.) அந்த ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள். துறைமுகத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியது அம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நம்மள வெறுங்கையோட அனுப்பின பட்டாளத்துக்கு நீ டாலர் கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா?" என்றார் பெரியவர். பதில் சொல்லத் தெரியாமல்தான் இந்தச் சேவையைத் தேடத் தொடங்கினேன்.

பெரியவரின் கேள்வி அந்த நாட்டு மக்களே ஒரு காலத்தில் கேட்டதுதான். 1996ஆம் ஆண்டை 'மியான்மருக்கு வாருங்கள்' ஆண்டாக ராணுவ அரசு அறிவித்தபோது, வராதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னவர் ஜனநாயகப் போராட்டத் தலைவர் ஆங் சான் சூச்சி. அதற்கு முன்பே, 1990இல், பழைய பாகானில் பழங்காலப் பௌத்தக் கோபுரங்களுக்கு நடுவே குடியிருந்தவர்களைப் பெயர்த்துப் புதிய இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வார மக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கியிருந்தார்கள். பயணிக்காகச் செய்த அலங்காரத்தின் விலையை ஊர்க்காரன் கொடுத்தான். பிற்பாடு, 2011இல், சூச்சியின் கட்சி தன் நிலையைத் தளர்த்திக்கொண்டு, கூட்டமாக வரும் தொகுப்புச் சுற்றுலாதான் வேண்டாம், மக்களோடு பழகத் தனியாக வருகிறவர்கள் வரலாம் என்றது. அடுத்த பத்தாண்டு கதவு திறந்திருந்தது. அந்தப் பத்தாண்டுக்குள்தான், 2017இல், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி வங்கதேசத்துக்கு ஓடினார்கள் என்பதையும், கதவு திறந்திருந்ததால் அது தடுக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் மீண்டும் ஆட்சியை எடுத்துக்கொண்டது.

சர்வாதிகார நாட்டுக்குப் போகக் கூடாது என்று மொத்தமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வியட்நாமுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படகில் நின்று படமெடுத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே நடப்பது ஒரே கட்சியின் ஆட்சி. துபாயில் தேர்தலில் வென்றா ஆள்கிறார்கள்? அங்கெல்லாம் கேட்காத கேள்வியைப் பர்மாவுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. பர்மாவில் அரசு தன் மக்கள்மேலேயே விமானத்திலிருந்து குண்டு போடுகிறது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பாஸிகீ என்ற கிராமத்தில் கூடியிருந்தவர்கள்மேல் போட்ட குண்டில் 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானத்துக்கு எரிபொருளும் உதிரிப் பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அவற்றுக்கு டாலர் வேண்டும். சாட் நோட்டை ராணுவம் தானே அச்சடித்துக்கொள்ளலாம், டாலரை அச்சடிக்க முடியாது. ஆகவே பர்மாவுக்குப் போகிறவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதைவிட, எந்தப் பணத்தை யார் கையில் கொடுக்கிறார் என்பதுதான் விஷயம். இதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சேவையை நடத்தும் ஐயா அனுப்பிய ஒரு தாள்.

கோடு போட்ட பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாள் அது, படமெடுத்து அனுப்பியிருந்தார். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் அது போய்ச்சேரும் கை. சாட்டாகக் கொடுப்பது நீல மையில், டாலராகக் கொடுப்பது சிவப்பு மையில். விசா ஆளுக்கு 50 டாலர், இருவருக்கு 100: முழுச் சிவப்பு, பக்கத்தில் 'தப்பிக்க வழியில்லை' என்று ஒரு குறிப்பு. தங்கும் விடுதி நீலம். வழிகாட்டியின் கூலி நீலம். வண்டி வாடகை நீலம், டீசல் மட்டும் பாதி நீலம் பாதி சிவப்பு, ஏனென்றால் எண்ணெய் கடல் கடந்து வருகிறது. மூன்று இடங்களில் கேள்விக்குறி போட்டிருந்தார்: விமான நிலையக் கட்டணம், கோயில் நுழைவுச்சீட்டு, சிம் அட்டை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த மூன்று கேள்விக்குறிகளைப் பார்த்துத்தான் இவர்களிடமே ஒப்படைத்தேன். விமானம் தவிர்த்து, விசாவும் சேர்த்து, ஏழு நாளுக்கு எங்களுக்கு ஆன செலவு 720 டாலர் மதிப்பு. இதைவிடக் குறைவாக ஏற்பாடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்தத் தாள் கிடைக்காது.

விடுதிக்கு ஏன் சாட்டாகக் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வங்கிக் கணக்கில் விழும் வெளிநாட்டுப் பணத்தை ஒரு வேலை நாளுக்குள் சாட்டாக மாற்றிவிட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய வங்கி உத்தரவு போட்டது. மாற்றும் விலையும் அரசு வைத்த விலைதான். அதே ஆண்டு ஆகஸ்டில் அது டாலருக்கு 2,100 சாட் என்று நிர்ணயிக்கப்பட்டது. நான் போயிருந்தபோது வெளிச்சந்தையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது. அரசு விலைக்கு மாற்றுகிறவன் பாதிப் பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறான் என்பது ஐயாவின் கணக்கு. நான் எங்கே, எந்த விலைக்கு மாற்றினேன் என்பதை எழுதப் போவதில்லை. டாலர் நோட்டு மட்டும் மடிப்பு விழாமல் இருக்க வேண்டும். அம்மா கந்த சஷ்டி கவசப் புத்தகத்தின் நடுவில் வைத்து அழுத்திக் கொண்டுவந்தார்.

விமானமும் ஐயா சொன்னபடிதான்: அரசுக்குச் சொந்தமான மியான்மர் நேஷனல் ஏர்லைன்ஸை விட்டுவிட்டு, பாங்காக் வழியாகத் தாய்லாந்து விமானத்தில் போனோம். சிம் அட்டையில் அவர் கைவிரித்துவிட்டார். மைடெல் ராணுவத்தின் பொருளாதாரக் கழகத்துக்குப் பங்குள்ள நிறுவனம்; எம்.பி.டி. அரசுடையது, நார்வேயின் டெலினார் 2022இல் விற்றுவிட்டுப் போய்விட்டது. சுத்தமான சிம் என்று அங்கே ஒன்று இல்லை. பியர் குடிக்கிறவர்களுக்காக ஒரு வரி: மியான்மர் பியரைத் தயாரிக்கும் ஆலையில் ராணுவ நிறுவனத்தோடு கூட்டு வைத்திருந்த ஜப்பானின் கிரின், 2023 ஜனவரியில் அதிலிருந்து விலகிக்கொண்டது, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஊர்க்காரர்கள் பலர் அந்தப் பியரைத் தொடுவதில்லை.

இனிக் குறைகள். விமான நிலையத்தில் எங்களை ஒன்றே முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். டீசலுக்கு வரிசையில் நின்றதாகச் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுபதை நெருங்கும் ஒருவரை அழைத்துவரப் போகும் வண்டிக்கு முந்திய நாளே எண்ணெய் போட்டு வைத்திருக்கலாம். விடுதியில் எங்களுக்குக் கொடுத்த அறையின் சன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர். மின்சாரம் வருவதைவிடப் போவது அதிகமாக இருக்கும் ஊரில், அது இரவெல்லாம் உறுமியது. இரண்டு முறை கேட்ட பிறகுதான் அறை மாற்றினார்கள். மூன்றாம் நாள் வழிகாட்டியையும் சொல்லாமல் மாற்றினார்கள். முதலில் வந்த பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டபோது, "அது வேற வேலையாப் போயிருக்குண்ணே" என்ற பதிலுக்குமேல் எதுவும் வரவில்லை. இரண்டாவது முறை கேட்காமல் இருக்க நானும் கற்றுக்கொண்டேன்.

இதற்கெல்லாம் மேலான வருத்தம் தட்டோன். அம்மா பிறந்த கிராமத்துக்கு ஒரு நாள் போய்வருவதாக ஏற்பாடு. சிட்டாங் ஆற்றைக் கடந்து போகும் அந்தச் சாலையில் சண்டை நடக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் நாள் இரவு ஐயா வந்து, நாளைக்கு வேண்டாம் என்றார். வேறொரு நிறுவனத்தார் உரிய இடத்தில் பேசி அனுமதிச் சீட்டு வாங்கி அழைத்துப் போவார்களாம் என்று விடுதியில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதைச் செய்தால் என்ன என்று நான் வாதாடினேன். "செய்யலாம் தம்பி. அந்தச் சீட்டுக்கு நீங்க கொடுக்கற காசுக்கு என் தாள்ல எந்த மை போடறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது சரி என்பது அன்றிரவே எனக்குத் தெரியும். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் உண்மை. அந்த நாளுக்கான பணத்தில் வண்டி வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். போகாத வண்டிக்கு வாடகை பிடித்தது நியாயமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒப்புதல் இல்லை.

பெரியம்மா வீடு விடுதியிலிருந்து பத்து நிமிட நடை. ஆனாலும் ஓர் இரவுகூட அம்மா அங்கே தங்க முடியவில்லை. வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய சட்டப் பிரிவை நீக்கியிருந்தார்கள். ஆட்சியைப் பிடித்த இரண்டு வாரத்துக்குள் ராணுவம் அதை மீண்டும் கொண்டுவந்தது. அந்நிய நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். ஆகவே தினமும் சாயங்காலம், அறுபது வருடப் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அக்காவும் தங்கையும் வாசலில் விடைபெற்றுக்கொண்டார்கள். ஒரு நாள் பெரியம்மா, "இங்கயே படுத்துக்கட்டும், யாரு பார்க்கப் போறா?" என்றபோது வழிகாட்டி அம்மாவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்போது அது மரியாதைக் குறைவாகப் பட்டது. மறுநாள் யோசித்தபோது, மாட்டிக்கொண்டால் தண்டனை அனுபவிக்கப் போவது அம்மா இல்லை, பெரியம்மா வீடு என்பது உறைத்தது.

ஷ்வேடகோன் பகோடாவில் இன்னொன்று நடந்தது. படிக்கட்டு முகப்பில் ஊர்க்காரர்களுக்குச் சீட்டு இல்லை, வெளிநாட்டவருக்குத் தனிச் சன்னல். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே ஏறப்போன அம்மாவை ஓர் ஊழியர் மென்மையாகத் தடுத்து அந்தச் சன்னலுக்கு அனுப்பினார். "நான் இங்கதான் பொறந்தேன்" என்று அம்மா பர்மிய மொழியில் சொன்னார். அறுபது வருடமாகப் புழங்காத மொழி, ஒன்பது வயதுக் குழந்தையின் உச்சரிப்பில் வந்தது. ஊழியர் சிரித்துவிட்டார், சீட்டையும் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

அனோரதா சாலையில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது, ஒரு பெருமாள் கோயிலும் இருக்கிறது. பயணி பார்க்கும் கோபுரமும் பொம்மைகளும் வண்ணம் மங்காமல் இருக்கின்றன. அதைவிட முக்கியம், தமிழ்ப் பள்ளிகள் நாட்டுடைமையாகி மறைந்த பிறகு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கிடைப்பது கோயில்களையொட்டித்தான். பொங்கல் அன்று காளி கோயிலில், மேளச் சத்தத்தின் நடுவில், இரண்டாவது வழிகாட்டி முதன்முறையாக என்னிடம் நாட்டைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினார். அதை நான் எழுத முடியாது. அதற்கு முந்திய நாள் ஒரு டீக்கடையில், மொகிங்கா என்ற மீன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, "இப்ப நிலைமை எப்படி இருக்கு?" என்று அவரிடம் உரக்கக் கேட்டவன் நான். அவர் என்னைப் பார்க்காமல், "இந்தக் கடையில தோசையும் நல்லா இருக்கும்ணே" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர் செய்தித்தாளைத் திருப்பவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சூலே பகோடா முனையில் கைபேசியை எடுக்க வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 1988இலும் 2007இலும் 2021இலும் கூட்டம் திரண்ட இடம் அது.

பணத்தைப் பற்றி அத்தனை கவனமாகத் தாள் போட்டுக் கொடுத்தவர்கள், பேச்சைப் பற்றி எதுவும் எழுதித் தரவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை. 720 டாலரில் நான் ராணுவத்துக்குக் கொடுத்தது கணக்கில் அடங்கும் தொகை. டீக்கடையில் கேட்ட ஒரு கேள்வியால் அந்த வழிகாட்டிக்கு என்ன வந்திருக்கக்கூடும் என்பதற்குக் கணக்கு இல்லை. சுதந்திரமாகப் பேசிப் பழகிய ஊரிலிருந்து வருகிறவனுக்கு, எதைக் கேட்கக் கூடாது, யார் படத்தை எடுக்கக் கூடாது, திரும்பிய பிறகு எதைப் பதிவிடக் கூடாது என்று கிளம்பும் முன்பே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஐயாவிடம் கடைசி நாள் இதைச் சொன்னேன். "சொன்னா பயந்து வராமப் போயிடறாங்க தம்பி" என்றார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

பெரியம்மாவின் மகள்வயிற்றுப் பேரன் எங்களோடு எந்த இடத்துக்கும் வரவில்லை. வயதை எழுதவில்லை. 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 18இலிருந்து 35 வயது வரையிலான ஆண்களுக்கு என்பதை மட்டும் சொல்கிறேன். இருட்டினால் அவன் வாசலுக்குக்கூட வருவதில்லை. மாடியறையில் என்னோடு கேரம் ஆடிக்கொண்டே, "மாமா, சென்னையில ராத்திரி எத்தனை மணி வரைக்கும் வெளிய இருக்கலாம்?" என்று கேட்டான். பதினொன்று, பன்னிரண்டு என்றேன். காயைக் குறிபார்த்தபடி, "போலீஸ் கேட்காதா?" என்றான்.

ஆகவே, இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன்? அங்கே ரத்த உறவு இருக்கிறவர்களுக்கு, சமாதியோ பத்திரமோ கோயில் வேண்டுதலோ பாக்கி இருக்கிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். போகாமல் இருப்பதால் ராணுவத்துக்கு 50 டாலர் நட்டம். பெரியம்மாவுக்கு அதைவிடப் பெரிய நட்டம். தெருப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அந்தத் தாளை மட்டும் வாங்கி இரண்டு தடவை படித்தார். வெறும் ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு, எத்தனை நீல மை இருந்தாலும், இப்போதைக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கிலிருந்து 2023இல் நேரடி விமானம் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகளை இழுக்கப் பார்க்கிற அரசுக்கு, நம் கூட்டத்தின் படமும் விளம்பரமாகத்தான் உதவும்.

2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு ஐயாவோடு பேசினேன். ரங்கூன் வீடுகளுக்குச் சேதமில்லை. மாண்டலேப் பக்கம் ஆள் அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார். போகாத வண்டியின் வாடகையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

எண் வேண்டும் என்று இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று மூவரிடமும் கேட்டேன். ஒருவருக்கு அங்கே அத்தை இருக்கிறார். இன்னொருவர் தாத்தாவுக்குத் திதி கொடுக்க வேண்டும் என்றார். இருவருக்கும் எண்ணைத் தந்துவிட்டேன். மூன்றாமவர் பாகான் கோபுரங்களுக்கு மேலே ட்ரோன் விடலாமா என்று விசாரித்தார். வியட்நாம் நன்றாக இருக்கும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.